பழைய தோட்ட டிராக்டரில் திராட்டில் ஷாஃப்ட் ஆடுகிறது: புஷ் போடலாமா, கார்புரேட்டரையே மாற்றிவிடலாமா?

வெருளம்_தோட்டம்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம், கடற்கரைக்குக் கிட்ட வெருளத்தில் இருக்கிறேன். வீட்டுப் பின்னால் காய்கறித் தோட்டத்துக்கும், பக்கத்துக் கோயில் மைதானத்தில் புல் வெட்டவும் ஒரு பழைய வீல் ஹார்ஸ் டிராக்டர் வைத்திருக்கிறேன். எஞ்சின் கோலர் கே301, 12 குதிரைசக்தி, ஒற்றைச் சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக். கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, புகை இல்லை, எண்ணெய் குடிப்பதும் இல்லை. தொல்லை எல்லாம் கார்புரேட்டரில்தான்.

ஸ்டார்ட் ஆகிவிடும், ஆனால் ஐடிலிங்கில் ஒரே நிலையில் நிற்காது, ரேஸ் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கிக்குயு புல் அடர்த்தியாக இருக்கிற இடத்தில் பிளேடு இறங்கினால் முக்குகிறது, சோக்கைப் பாதி இழுத்துப் பிடித்தால் கொஞ்சம் தெளிகிறது. மிதவை, ஊசி வால்வு, கேஸ்கெட் எல்லாம் புதிது, பெட்ரோல் வருகிற ஜெட் துளைகளைக் கழுவி ஊதியும் ஆயிற்று. திராட்டில் ஷாஃப்டின் (காற்றைத் திறந்து மூடுகிற தட்டைத் திருப்பும் கம்பி) மேல் முனையை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினால் கண்ணுக்கே தெரிகிற அளவு ஆட்டம். அது பாடிக்குள் நுழைகிற இடத்தைச் சுற்றிப் பெட்ரோல் கறை, அந்தக் கறைமேல் கரும்புச் சாம்பலும் தூசியும் ஒட்டிக் கறுப்பாகப் படிந்திருக்கிறது.

கடையில் காட்டினேன். "பாடியே போய்விட்டது, புதுசு வாங்கிக்கொள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மற்ற எல்லாம் கல்லு மாதிரி இருக்கிறபோது ஒரு துளை தேய்ந்ததற்காக முழுக் கார்புரேட்டரைத் தூக்கிப் போடுவதா? துளையில் புஷ், அதாவது சின்ன உலோகக் குழல், போட்டுச் சரிசெய்தவர்கள் சொல்லுங்கள்.

டோங்காட்_கரும்பு

தம்பி, நான் இரண்டு பக்கமும் பார்த்தவன். இணையத்தில் சீனத் தயாரிப்பு நகல் கார்புரேட்டர் சில நூறு ராண்டுக்குக் கிடைக்கிறது. போல்ட் இரண்டைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. மழைக்காலத்தில் நம் பக்கம் புல் வளர்கிற வேகம் உனக்குத் தெரியும், வண்டி மேசைமேல் பிரித்துக் கிடக்கிற நாளெல்லாம் புல் காத்திருக்காது. பழைய பாடியை எடுத்து வை, ஓய்வு கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மாரிட்ஸ்பர்க்_பட்டறை

டோங்காட் அண்ணா சொல்வதில் வேகம் இருக்கிறது, ஆனால் அந்த நகல்களை வாரம் தவறாமல் எங்கள் மேசையில் பார்க்கிறவள் நான். அப்பாவும் நானும் புல்வெட்டி எஞ்சின் வேலைதான் செய்கிறோம். நகலில் பல நேரம் மெயின் ஜெட்டுக்குத் திருகிச் சரிசெய்கிற ஊசியே இருக்காது, துளை அளவு நிலையானது. திராட்டில் லீவரில் கவர்னர் (எஞ்சின் வேகத்தைத் தானாகச் சீராக வைக்கிற அமைப்பு) கம்பி மாட்டுகிற துளை மையத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தால்கூட கவர்னரின் பிடி மாறிவிடும், அப்போது புதுக் கார்புரேட்டரிலும் ரேஸ் ஏறி இறங்கும். வாடிக்கையாளர் கவர்னரைத் திறக்கச் சொல்வார், அதில் ஒரு குறையும் இருக்காது. எல்லா நகலும் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் மூலப் பாடி கையில் இருக்கிறபோது அதை விட்டுவிடாதீர்கள்.

வெருளம் அண்ணா, அதற்கு முன்னால் ஒன்று. ஷாஃப்ட் ஆடுவது கண்ணால் பார்த்த விஷயம், சரி. அதுதான் நோய் என்று இன்னும் தெரியாது. சோக் இழுத்தால் தெளிகிறது என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்ற அளவுக்குத்தான் அர்த்தம். அந்தக் காற்று ஷாஃப்ட் வழியாக வருகிறதா, கேஸ்கெட் வழியாகவா, இல்லை ஜெட்டே குறைவாகக் கொடுக்கிறதா என்று பிரிக்க வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி ஐடிலிங்கில் விட்டு, ஷாஃப்டின் இரு முனைகளிலும் கெட்டியான கிரீஸை விரலால் அப்பிப் பாருங்கள். ஏறி இறங்குவது சில வினாடியாவது மாறினால் காற்று அங்கேதான் நுழைகிறது. சிலர் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துச் சோதிக்கிறார்கள், உங்கள் எஞ்சினில் சைலன்சர் பக்கத்திலேயே சூடாக இருக்கும், தீப்பிடிக்கும், வேண்டாம். கிரீஸ் போதும்.

லெனேசியா_மேட்டுநிலம்

ஒரு கேள்வி. இந்த டிராக்டர் முதலில் எங்கே ஓடியது?

வெருளம்_தோட்டம்

ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துப் பெனோனியில் ஒரு பண்ணை ஏலத்தில் எடுத்தது. பக்கி (பிக்கப்) வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். ஏன் கேட்கிறீர்கள் அண்ணா?

லெனேசியா_மேட்டுநிலம்

அதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க் வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்திருப்பதால் அதே ஜெட் இங்கே பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கிற கணக்காகிவிடும், கரி பிடிக்கும், அதனால் எங்கள் ஊர் மெக்கானிக் எல்லோரும் மெயின் ஊசியை உள்ளே திருகி வைத்திருப்பார்கள். அதே அமைப்போடு வண்டி வெருளத்துக்கு இறங்கினால் கெட்டிக் காற்றுக்கு அந்தப் பெட்ரோல் போதாது. லோடில் முக்குவது அதனால்தான் என்று நினைக்கிறேன். உங்கள் பழைய கார்புரேட்டரில் மெயின் ஊசி திருகக்கூடியது, அதுவே அதன் பெரிய நன்மை. முழு ரேஸில் வைத்து, எட்டில் ஒரு சுற்றாக வெளியே திருப்பிக்கொண்டே போங்கள். எஞ்சின் கனமாகிக் கறுப்புப் புகை தட்டுகிற இடம் ஒன்று வரும், மெலிந்து தடுமாறுகிற இடம் எதிர்ப்பக்கம் இருக்கும், இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் பெட்ரோல் கூடுகிற பக்கமாக நிறுத்துங்கள். ஷாஃப்ட் கதை அப்புறம்.

ஊசியை உள்ளே திருகும்போது இருக்கையில் அழுத்தி இறுக்காதீர்கள். முனையில் ஒரு வளையம் பதிந்துவிட்டால் அப்புறம் எந்த அமைப்பும் நிற்காது.

வெருளம்_தோட்டம்

இரண்டு சோதனையும் செய்தேன். லெனேசியா அண்ணாவுக்குப் பெரிய நன்றி, மெயின் ஊசியை முக்கால் சுற்றுக்குக் கிட்ட வெளியே எடுத்ததும் லோடில் முக்குவது நின்றுவிட்டது, கோயில் பின்பக்கம் முழங்கால் உயரப் புல்லில்கூட இழுத்துக்கொண்டு போகிறது. ஆனால் ஐடிலிங் அப்படியேதான். கிரீஸ் அப்பினேன். மேல் முனையில் அப்பியதும் ரேஸ் இறங்கி ஒரே சத்தமாக நின்றது, கொஞ்ச நேரத்தில் உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி பழையபடி. கீழ் முனையில் அவ்வளவு வித்தியாசம் இல்லை.

மாரிட்ஸ்பர்க்_பட்டறை

இப்போது தெளிவாகிவிட்டது. ஐடிலிங்கில் திராட்டில் தட்டு ஏறக்குறைய மூடியிருக்கும், தட்டுக்கு எஞ்சின் பக்கம் இழுப்பு மிக அதிகம், அந்த நேரத்தில் ஷாஃப்ட் ஓட்டை வழியாக வருகிற காற்று மொத்தக் காற்றில் பெரிய பங்கு. முழு ரேஸில் தட்டு திறந்துவிடும், இழுப்பும் குறைவு, அதே ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. அதனால் லோடில் வந்த குறை ஜெட்டுடையது, ஐடிலிங்கில் வருவது ஷாஃப்டுடையது. ஒரே வண்டியில் இரண்டு குறை இருந்ததால் குழப்பியது.

ஏறி இறங்குவதற்குக் காரணமும் இதுதான்: கலவை மெலிந்து வேகம் இறங்கும், கவர்னர் தட்டைத் திறக்கும், வேகம் கூடும், கவர்னர் மூடும், மூடியதும் மறுபடி ஓட்டைக் காற்று கலவையை மெலிதாக்கும். இன்னொன்றும் யோசியுங்கள். அந்த ஓட்டை ஏர் ஃபில்டரைத் தாண்டி இருக்கிறது. அறுவடைக்காலத்தில் கரும்பு எரித்துப் பறக்கிற சாம்பலும் மண்ணும் நேரே சிலிண்டருக்குள் போகிறது. கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறபோதே அடைத்துவிட வேண்டும்.

சாட்ஸ்வொர்த்_லேத்

தம்பிகளே, நான் டர்பன் பக்கத்து எஞ்சினியரிங் பட்டறைகளில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த வேலை நிறையச் செய்திருக்கிறேன், பாடியைத் தூக்கிப் போடாதீர்கள். ஆனால் டிரில்லை எடுத்துத் துளையைப் பெரிதாக்கிப் புஷ் தட்டிவிடலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். இங்கே கெடுவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: இரண்டு துளையும் ஒரே நேர்கோட்டில் நிற்காமல் போவது.

முதலில் தேய்மானத்தைப் படியுங்கள். கவர்னர் கம்பியும் ஸ்பிரிங்கும் லீவரை எப்போதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கின்றன, எஞ்சின் அதிர்கிறது, அதனால் லீவர் இருக்கிற மேல் துளைதான் அதிகம் தேயும், அதுவும் ஒரு பக்கமாக. துளை வட்டம் போய் முட்டை வடிவம் ஆகியிருக்கும். அதில் டிரில் பிட்டை விட்டால் பிட் தேய்ந்த பக்கமே சாயும். புதுத் துளை அழகான வட்டமாக வரும், ஆனால் மையம் தப்பியிருக்கும், ஷாஃப்ட் சாய்ந்து நிற்கும், தட்டு மூடாது. ஆகவே டிரில் பிட் வேண்டாம், ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவுகிற கருவி) வேண்டும். ரீமருக்கு வழிகாட்ட ஒரு தேயாத இடம் வேண்டும்.

நான் செய்கிற முறை இது. ஷாஃப்ட் அளவு கால் அங்குலம், 6.35 மி.மீ. அதே தடிமனில் நேரான சில்வர் ஸ்டீல் (அளவு பிசகாமல் தேய்த்த எஃகு) கம்பியைக் கீழ்த்துளையில் விட்டுப் பாருங்கள், கீழ்த்துளை பெரும்பாலும் நன்றாக இருக்கும். அந்தக் கம்பியை டிரில் பிரஸ்ஸின் சக்கில் பிடித்து, பாடியை வைஸில் தளர்வாக வைத்து, கம்பி மேல்துளையைத் தாண்டிக் கீழ்த்துளைக்குள் தடையில்லாமல் இறங்கி ஏறும்வரை பாடியை நகர்த்தி, அந்த நிலையில் வைஸை மேசையோடு இறுக்குங்கள். இனி எதையும் அசைக்கக் கூடாது. கம்பியை எடுத்துவிட்டு, சிறிய அளவிலிருந்து படிப்படியாக, கடைசியில் 5/16 அங்குல ரீமர், மெதுவான வேகத்தில், கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு. மேல்துளை முடிந்து புஷ் ஏறியதும், அந்தப் புஷ்ஷையே வழிகாட்டியாக வைத்துக் கீழ்த்துளையைப் பார்க்கலாம். கீழே ஆட்டம் இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

புஷ் கெட்டி வெங்கலத்தில் கடைந்தது நல்லது. கடையில் கிடைக்கிற எண்ணெய் ஊறிய நுண்துளைப் புஷ்ஷும் வேலை செய்யும், ஆனால் அதற்குள் மொட்டை ரீமரை ஓட்டினால் துளைகள் மூடிக்கொள்ளும். புஷ்ஷின் வெளியளவு துளையைவிட நூறில் இரண்டு மி.மீ. கூடினால் போதும், அதற்குமேல் இறுக்கி அடித்தால் துளையைச் சுற்றியுள்ள வார்ப்புக் காது வெடிக்கும். நான் அழுத்துவதோடு லாக்டைட் 648 மாதிரி, புஷ்ஷைப் பிடித்துவைக்கிற பசையும் போடுவேன். அலுமினியம் சூட்டில் வெங்கலத்தைவிட அதிகம் விரியும், அப்போது அந்தப் பசைதான் பிடிக்கும், இறுகிய பிறகு பெட்ரோலுக்கும் அது கரையாது. சாதாரண சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். புஷ் முனை காற்றுக் குழாய்க்குள் துருத்தாமல் சுவரோடு சமமாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டு அதில் இடிக்கும். எல்லாம் இறுகியபின் கால் அங்குல ரீமரை மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாக விடுங்கள்.

டோங்காட்_கரும்பு

ஐயா, லேத் இல்லாதவர்கள் என்ன செய்வது? பொம்மை விமானம் செய்கிறவர்கள் கடையில் 9/32 அங்குலப் பித்தளைக் குழாய் கிடைக்கிறதே, உள்ளே கால் அங்குலக் கம்பி சரியாகப் போகும். அதை வெட்டிச் செருகினால் ஆகாதா?

சாட்ஸ்வொர்த்_லேத்

ஆகும் தம்பி, நல்ல யோசனை. அந்தக் குழாயின் சுவர் ஒரு மி.மீ.யில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான், அதனால் பாடியிலிருந்து மிகக் குறைவாகத்தான் உலோகம் எடுக்க வேண்டியிருக்கும், காது மெலிந்த பாடிகளுக்கு அதுதான் பொருத்தம். கெட்டி வெங்கலம் அளவுக்கு வருடக்கணக்கில் நிற்காது, அவ்வளவுதான். துளை 9/32-ஐத் தாண்டி முட்டையாகிவிட்டிருந்தால் குழாய் ஒரு பக்கம் காற்றில் நிற்கும், அப்போது 5/16 புஷ்தான் வழி. குழாயை வெட்டும்போது குழாய்வெட்டியால் நசுக்காமல், உள்ளே கம்பி விட்டு மெல்லிய ரம்பத்தால் வெட்டி, உள்விளிம்புப் பிசிரை எடுத்துவிடுங்கள்.

ஆனால் எல்லோரும் விட்டுவிடுகிற விஷயம் ஷாஃப்ட். துளையை மட்டும் சரிசெய்து தேய்ந்த ஷாஃப்டை அதே இடத்தில் விட்டால் பாதி ஆட்டம் அப்படியே இருக்கும். வெருளம் தம்பி, ஷாஃப்டைக் கழற்றி மைக்ரோமீட்டர் வைத்து அளவைச் சொல்.

மாரிட்ஸ்பர்க்_பட்டறை

கழற்றுவதற்கு முன் ஒரு நிமிடம். திராட்டில் தட்டைப் பிடித்திருக்கிற சின்ன ஸ்குரூக்களின் பின்முனை தொழிற்சாலையிலேயே தட்டி விரிக்கப்பட்டிருக்கும், கழன்று எஞ்சினுக்குள் விழாமல் இருக்க. அந்த விரிந்த முனையைச் சின்ன அரத்தால் சமமாக்கிவிட்டுத்தான் திருக வேண்டும். அப்படியே முறுக்கினால் ஸ்குரூ ஷாஃப்டுக்குள்ளேயே முறிந்துகொள்ளும். தட்டின் விளிம்பு சாய்வாக வெட்டப்பட்டது, ஒரு பக்கமாக மட்டும்தான் சரியாக மூடும், எந்த முகம் எந்தப் பக்கம் என்று ஊசியால் கீறி அடையாளம் வையுங்கள். கார்புரேட்டர் உட்காருகிற முகத்தையும் நேரான ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இரண்டு போல்ட் பக்கமும் பலர் இறுக்கி இறுக்கி வளைந்திருக்கும். கண்ணாடித் துண்டின்மேல் எமரித் தாள் வைத்து எட்டு போடுகிற மாதிரி தேய்த்தால் சமமாகிவிடும்.

வெருளம்_தோட்டம்

கழற்றியாயிற்று. அக்கா சொன்னபடி முனையை அராவிவிட்டதால் இரண்டு ஸ்குரூவும் முறியாமல் வந்தன. ஷாஃப்ட் தேயாத நடுப்பகுதியில் 6.33, மேல்துளை இடத்தில் 6.07. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் கவர்னர் ஸ்பிரிங் இழுக்கிற பக்கம் மட்டும் பிறை வடிவில் ஒரு பளபளப்பு, அது முடிகிற இடத்தில் நகம் தட்டி நிற்கிறது. எதிர்ப்பக்கம் பழைய மங்கல் நிறம் அப்படியே இருக்கிறது. மேல்துளை ஒரு திசையில் 6.4, குறுக்கே 6.8. கீழ்த்துளையில் புதுக் கம்பி ஆட்டமில்லாமல் போகிறது.

சாட்ஸ்வொர்த்_லேத்

6.8 என்றால் 9/32, அதாவது 7.14, அந்த முட்டையை முழுசாக விழுங்குமா என்பது சந்தேகம். தேய்மானம் ஒரு பக்கமாக மட்டும் இருக்கிறது, மையத்திலிருந்து கணக்குப் போட்டால் அந்தப் பக்கம் இடம் மிச்சமில்லை. 5/16-க்குப் போ. ஷாஃப்டும் புதிது வேண்டும். கால் அங்குல சில்வர் ஸ்டீல் கம்பியை வாங்கு, கடினப்படுத்தத் தேவையில்லை, வாங்கிய நிலையிலேயே போதும். தட்டு உட்காருகிற பள்ளத்தைப் பழைய ஷாஃப்டோடு பக்கத்தில் கட்டிவைத்து அளவெடுத்து அராவு. லீவரைப் பித்தளைப் பற்றுவைத்தால் சூட்டில் கம்பி வளையலாம், குறுக்கே ஒரு சின்ன ஊசி அடித்து நிறுத்துவதுதான் எனக்குப் பிடித்தது. லீவரின் கோணம் மிக முக்கியம், பழையதிலிருந்து அசையாமல் நகலெடு, இல்லாவிட்டால் மாரிட்ஸ்பர்க் தங்கை சொன்ன கவர்னர் தொல்லை உன் கையாலேயே வரும். ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் நூறில் ஐந்து மி.மீ. இடைவெளி இருந்தால் போதும்.

பாடியை எடுத்துக்கொண்டு சாட்ஸ்வொர்த் வா, புஷ் நான் கடைந்து தருகிறேன். காசு வேண்டாம்.

வெருளம்_தோட்டம்

ஐயா வீட்டுப் பட்டறையில் சனிக்கிழமை வேலை முடிந்தது, இப்போதுதான் வண்டியில் மாட்டி ஓட்டிவிட்டு எழுதுகிறேன். வைஸை நிறுத்துவதற்குத்தான் நேரமெல்லாம் போனது. கம்பி இறங்கும், ஆனால் கடைசி நூலளவு லேசாக உரசும், ஐயா விடவே இல்லை, மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றைப் பாடிக்கு அடியில் செருகி மறுபடி முதலிலிருந்து. கம்பி தன் எடையிலேயே வழுக்கிக் கீழ்த்துளைக்குள் போன பிறகுதான் ரீமரைத் தொட்டார். ரீமர் ஓடியது கண் மூடித் திறப்பதற்குள்.

தட்டு பொருத்துவதையும் எழுதிவிடுகிறேன், அடுத்துச் செய்பவருக்கு உதவும். ஐடில் ஸ்டாப் ஸ்குரூவை முழுக்க வெளியே எடுத்துவிட்டு, தட்டின் ஸ்குரூக்களைத் தளர்வாக வைத்து, லீவரை நன்றாக மூடினால் தட்டு தன் இடத்தைத் தானே தேடிக்கொள்கிறது. அப்படியே பிடித்து விளக்குக்கு நேரே பார்த்தோம், சுற்றிலும் ஒரே மெல்லிய கோடாக வெளிச்சம் வந்தபின் இறுக்கினோம். புது ஸ்குரூ, லாக்டைட் ஒரு சொட்டு, பின்முனையை மெதுவாகத் தட்டி விரித்தார் ஐயா.

ஓட்டியபோது முதலில் பெட்ரோலைக் கனமாகக் கொட்டியது. ஐடில் ஊசி பழைய காற்று ஓட்டைக்கு ஈடாக வெளியே திறந்து கிடந்திருக்கிறது, ஒரு சுற்றுக்கு மேல் உள்ளே திருகிய பிறகு நிமிடத்துக்கு 1,200 சுற்றில் ஒரே சத்தமாக நிற்கிறது. மேல்பக்க வேகம் டாக்கோமீட்டரில் 3,600-ஐத் தாண்டவில்லை.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். ஷாஃப்டுக்கு எண்ணெய் போட வேண்டுமா? தூசி மறுபடி ஒட்டுமே?

மாரிட்ஸ்பர்க்_பட்டறை

நனைகிற அளவுக்கு எண்ணெய் போட்டால் சாம்பலும் மண்ணும் அதில் ஒட்டி அரைக்கிற கூழாகிவிடும், உங்கள் பழைய பாடி அப்படித்தான் தேய்ந்திருக்கும். லீவருக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு மெல்லிய ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) வளையம் வெட்டிப் போடுங்கள், அதில் மட்டும் ஒரே சொட்டு எண்ணெய். ஃபெல்ட் தூசியை வெளியிலேயே பிடித்துக்கொள்ளும், காற்றையும் கொஞ்சம் தடுக்கும். ஆயில் மாற்றும்போதெல்லாம் அந்த வளையத்தையும் எடுத்து மண்ணெண்ணெயில் அலசிப் போட்டுவிடுங்கள். இறுக்கமாக வெட்ட வேண்டாம் அண்ணா, லீவர் தடையில்லாமல் திரும்ப வேண்டும், கவர்னர் ஸ்பிரிங்குக்கு அவ்வளவு பலம் கிடையாது.

டோங்காட்_கரும்பு

என் கொட்டகையில் கே241 ஒன்று நகல் கார்புரேட்டரோடு நிற்கிறது, பழைய பாடி டப்பாவில் கிடக்கிறது. ஐயா, அடுத்த வாரம் கொண்டுவந்தால் பார்ப்பீர்களா? வைஸ் பிடிக்கிற வேலையை நான் செய்கிறேன், கம்பியும் நானே வாங்கி வருகிறேன்.

சாட்ஸ்வொர்த்_லேத்

வா தம்பி. ஷாஃப்டையும் தட்டையும் சேர்த்தே எடுத்து வா, கழற்றாமல்.